சீசர்: சொல் எங்கிருந்து வந்தது, தமிழில் எப்படிச் சொல்லலாம்

இலங்கையின் வன்னியில் பிள்ளை பிறந்த வீட்டுக்குப் பார்க்கப் போகிறவர்கள் பிள்ளையின் நிறையைக் கேட்க முதலே கேட்கிற கேள்வி "நோமலோ, சீசரோ?" என்பதுதான். மாங்குளத்திலும் இதுதான், நெடுங்கேணியிலும் இதுதான். சீசர் என்று பதில் வந்தால் "ஐயோ, எடுத்ததே?" என்று ஒரு இரக்கம். அந்த "எடுத்தது" என்ற சொல்லைப் பற்றிப் பிறகு வருகிறேன், முதலில் சீசரைப் பார்ப்போம்.

தாயின் வயிற்றுச் சுவரையும் கருப்பையையும் கீறிப் பிள்ளையை வெளியே எடுக்கிற சத்திரசிகிச்சைக்கு மருத்துவத்தில் சிசேரியன் என்று பெயர். அது எங்கள் வாயில் சீசர் ஆகிவிட்டது, சிங்களத்திலும் இதே சீசர்தான். வைத்தியசாலை அட்டையில் எல்.எஸ்.சி.எஸ். என்று நான்கு எழுத்தில் இருக்கும். கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறியது என்பது அதன் பொருள். இந்தக் "கீழ்ப்பகுதி" முக்கியம், ஏனென்றால் அந்த இடத்துக் கீறல் நன்றாக ஆறும், அடுத்த பிள்ளைக்குக் குத்து (பிரசவ வலி) வரும்போது தழும்பு பிரிகிற அபாயமும் முந்திய காலத்து நெட்டுக் கீறலைவிட நன்றாகக் குறைவு.

சொல்லின் கதைக்கு வந்தால், யூலியஸ் சீசர் இப்படிப் பிறந்தவர், அதனால்தான் இந்தப் பெயர் என்று பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லித் தந்திருப்பார்கள். அது சரியில்லை. அவருடைய தாய் அவுரேலியா, மகன் வளர்ந்து பெரிய தளபதியாகிப் போருக்குப் போன காலத்திலும் உயிரோடு இருந்தவர். அந்தக் காலத்தில் வயிற்றைக் கீறினால் தாய் தப்புவது நடக்காத காரியம். கீறினதே தாய் இறந்த பிறகு, அல்லது இறக்கப் போகிறாள் என்று தெரிந்த பிறகு. கர்ப்பிணி இறந்தால் பிள்ளையை வயிற்றிலிருந்து எடுக்காமல் புதைக்கக் கூடாது என்று பழைய உரோமச் சட்டமே இருந்தது. சீசர் குடும்பத்துக்கு அந்தப் பெயர் வந்ததே அவர்களுடைய முன்னோர் ஒருவர் தாயின் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்டதால்தான் என்று முதலாம் நூற்றாண்டில் பிளினி என்ற உரோம எழுத்தாளர் எழுதிவைத்தார். கதை அங்கிருந்து மெல்ல மெல்ல யூலியசின் தலையில் ஏறிவிட்டது.

சொல்லின் வேர் என்று பெரும்பாலும் காட்டப்படுவது இலத்தீனில் வெட்டுதலைக் குறிக்கிற "கைடெரே" என்ற வினை. ஆங்கிலத்தில் சிசேரியனோடு சேர்த்துச் சொல்கிற "செக்சன்" என்பதும் இன்னொரு இலத்தீன் வினையிலிருந்து வந்த வெட்டுத்தான். ஆக "சிசேரியன் செக்சன்" என்றால் வெட்டு வெட்டு. பிள்ளை என்றோ பிறப்பு என்றோ ஒரு எழுத்துக்கூட அதற்குள் இல்லை.

தாயும் பிள்ளையும் இரண்டு பேரும் தப்புகிற சிகிச்சையாக இது மாறினது மிகவும் பிந்தித்தான். 1879-ல் உகண்டாவின் கஹூரா என்ற இடத்தில் உள்ளூர் வைத்தியர் ஒருவர் வாழைப்பழ மதுவைத் தாய்க்குக் குடிக்கக் கொடுத்து, அதே மதுவால் கையையும் வயிற்றையும் கழுவிக் கீறினதை ஃபெல்கின் என்ற பிரித்தானியர் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். தாய் பிழைத்தாள். ஐரோப்பாவில் 1882-ல் சேங்கர் என்ற ஜெர்மன் மருத்துவர் கருப்பையைத் தையல் போட்டு மூடுகிற முறையைச் சீர்செய்து எழுதின பிறகுதான் தாய்மாரின் சாவு குறையத் தொடங்கியது. அதுவரை பலர் கருப்பையைத் தைக்காமலே விட்டார்கள், தாய்மார் இரத்தம் போயும் கிருமி ஏறியும் செத்தார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். இலங்கையில் அரச எழுத்தில் "சத்திரசிகிச்சைப் பிரசவம்" என்பார்கள். சத்திரம் வடமொழியின் சஸ்திரம், ஆயுதம். பிரசவமும் வடமொழி. தமிழ்நாட்டில் "அறுவைச் சிகிச்சைப் பிரசவம்". இரண்டும் பொருளில் பிழையில்லை, ஆனால் நீளம். குத்தோடு கிடக்கிற பெண்ணுக்கு முன்னால் நின்று யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். என் தெரிவு "அறுவைப் பேறு". அறு என்ற வினையிலிருந்து அறுவை. சங்க காலத்தில் அறுவை என்றால் துணி, தறியிலிருந்து அறுத்து எடுப்பதால். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு புலவரின் பெயரே இருக்கிறது. இன்றைக்கு அது சத்திரசிகிச்சையையும் குறிக்கிறது. பேறு, பெறு என்பதிலிருந்து வந்தது. பிள்ளைப்பேறு, மகப்பேறு, பேறுகாலம் எல்லாம் நாங்கள் வாயில் வைத்திருக்கிற சொற்கள்தான். கிடைத்தற்கரியதையும் பேறு என்கிறோம்.

நான் "பேறு" என்பதில் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் அந்த "எடுத்தது". முதல் பத்து நாளுக்குள் வீட்டுக்கு வருகிற மருத்துவமாதுவிடம் (மிட்வைஃப்) தாய்மார் சொல்வது இது: "மிஸ், எனக்குப் பிள்ளை பிறக்கேல்லை, எடுத்தது." இருமும்போது தையல் பிரிந்துவிடுமோ என்று வயிற்றைத் தலையணையால் அமர்த்திப் பிடித்துக்கொண்டு, பால் சரியாக வரவில்லையே என்ற பயத்தோடு, தான் பெறவில்லை என்ற நினைப்பையும் சுமந்துகொண்டு ஒரு பெண் இருக்கிறாள். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக்கறி வைத்துக் கொடுக்கிற மாமியும் பக்கத்தில் நின்று "நாங்களெல்லாம் முக்கித்தான் பெத்தனாங்கள்" என்று சொன்னால் அந்தப் பெண் என்ன செய்வாள்? பத்து மாதம் சுமந்து, வயிற்றைக் கீறக் கொடுத்து, அவள் பெற்றாள். "சுகப்பிரசவம்" என்ற சொல்லும் இந்த வேலையைத்தான் செய்கிறது, மற்றது சுகமில்லாதது என்று சொல்லாமல் சொல்கிறது. இரண்டு நாள் குத்தோடு கிடந்து கிழிந்து தையல் போட்டவளைக் கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு சுகம் என்று. "இயல்புப் பேறு" என்றோ "யோனிவழிப் பேறு" என்றோ சொல்லலாம். பின்னது கூசுகிறது என்றால், "கீழால பிறந்தது" என்று எங்கள் கிழவிகள் கூச்சமில்லாமல் சொல்லுவார்கள்.

மருத்துவமாதுகள் கூடிக் கதைக்கிறபோது இந்தச் சொல்லுக்கு இன்னொரு சிக்கல் வருகிறது, அது எண்ணிக்கை. 1985-ல் பிரேசிலின் ஃபோர்த்தலேசாவில் கூடின உலக சுகாதார நிறுவனக் கூட்டம் 10 முதல் 15 வீதத்துக்கு மேல் சீசர் தேவைப்பட நியாயமில்லை என்றது. 2015-ல் அதே நிறுவனம், ஒரு நாட்டின் மொத்த மக்களை எடுத்துப் பார்த்தால் 10 வீதத்துக்கு மேலே போவதால் தாய் சேய் மரணம் மேலும் குறைவதாகக் காணவில்லை என்றது. அதே மூச்சில், ஒரு எண்ணைப் பிடிக்க ஓடாதீர்கள், தேவைப்படுகிற ஒவ்வொருத்திக்கும் அது கிடைக்கட்டும் என்றும் சொன்னது. முதல் பாதியை எல்லோரும் சொல்லுவார்கள், இரண்டாம் பாதியை விட்டுவிடுவார்கள். உலகத்தில் இப்போது ஐந்து பிள்ளைகளில் ஒன்று சீசர். இலங்கையில் அதைவிட நன்றாகக் கூட.

ஒரே சொல்லுக்குள் எத்தனை விதமான பிறப்பு! பிள்ளை குறுக்கால கிடந்து தொப்புள்கொடி வெளியே விழுந்து ஓட்டமாக ஓடிச் செய்ததும் சீசர், நாள் பார்த்துப் போய்ச் செய்ததும் சீசர். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருந்து சத்திரசிகிச்சைக் கூடம் உள்ள வைத்தியசாலைக்கு அம்புலன்சில் போய்ச் சேர எடுக்கிற நேரத்தை யோசித்துக் கொஞ்சம் முந்தியே முடிவெடுத்துச் செய்ததும் சீசர்தான். எல்லாவற்றையும் கூட்டி ஒரு வீதம் சொன்னால் அதில் என்ன விளங்கும்? இதற்காகத்தான் ராப்சன் என்ற மருத்துவர் 2001-ல் தாய்மாரைப் பத்துப் பிரிவாகப் பிரிக்கிற முறை ஒன்றை வெளியிட்டார். முதற்பிள்ளையா, முன்னர் சீசரா, குத்து தானாக வந்ததா, எத்தனை பிள்ளை, தலை கீழா, எத்தனையாவது கிழமை, இவ்வளவுதான் கேள்வி. 2015 முதல் உலக சுகாதார நிறுவனமும் இதையே பயன்படுத்தச் சொல்கிறது.

அந்தப் பத்தில் ஐந்தாவது பிரிவை நன்றாகப் பாருங்கள், முன்னர் சீசர் செய்து இப்போது மாதம் நிறைந்து தலை கீழாக இருக்கிற ஒற்றைப் பிள்ளைத் தாய்மார். பல இடங்களில் மொத்தக் கணக்கைத் தூக்குவது இந்தப் பிரிவுதான். அட்டையில் காரணம் எழுதுகிற இடத்தில் "பாஸ்ற் செக்சன்", அதாவது முன்னர் சீசர், என்று இரண்டே சொல் இருக்கும். முதல் முறை ஏன் செய்தது என்று கேட்டால் தாய்க்கும் தெரியாது, கிளினிக் கொப்பியிலும் இராது. ஒருமுறை சீசர் என்றால் எப்போதும் சீசர் என்ற வாக்கு 1916-ல் நியூயோர்க்கில் கிரேகின் என்ற மருத்துவர் சொன்னது, நெட்டுக் கீறல் காலத்தது. இன்று தகுந்த தாய்மார் முயற்சி செய்தால் நாலில் மூன்று பேர் அளவுக்கு இயல்பாகப் பெறுகிறார்கள். தழும்பு பிரிகிற அபாயம் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு. அது சிறிய எண்தான், ஆனால் அந்த ஒருவருக்கு உடனே கத்தி வைக்க ஆளும் இடமும் வேண்டும். அதனால் இந்த முயற்சியை எங்கே செய்வது என்பது கட்டாயம் பார்க்க வேண்டிய விடயம்.

ஆகவே முதல் சீசரைத்தான் கவனிக்க வேண்டும். குத்து தொடங்கினால் மணிக்கு ஒரு சென்றிமீற்றர் கருப்பை வாய் திறக்க வேண்டும் என்பது 1950களில் ஃப்ரீட்மன் என்ற மருத்துவர் வரைந்த கோட்டிலிருந்து வந்த கணக்கு. 2018-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தக் கணக்கை மட்டும் வைத்துத் தலையிடக் கூடாது என்றும், 5 சென்றிமீற்றர் ஆகும்வரை குத்து முழுவேகம் எடுத்ததாகக் கொள்ளாதே என்றும் சொல்லிவிட்டது. தாய்க்கு விருப்பமான ஒருவர் பக்கத்தில் இருப்பது, எழும்பி நடக்க விடுவது, இவையும் அதே பரிந்துரையில் இருக்கின்றன. அதற்காக வீதம் குறைவென்று பெருமைப்படுவதும் ஆபத்து. இங்கிலாந்தில் தாய்மாரைச் சீசருக்கு விடாமல் இழுத்தடித்துப் பிள்ளைகள் இறந்த கதைகள் வெளியே வந்து, 2022-ல் அங்கே மொத்தச் சீசர் வீதத்தை வைத்து வைத்தியசாலைகளை அளக்க வேண்டாம் என்று அரச சுகாதார சேவையே எழுதி அனுப்பியது.

அப்புறம், பயன்பாட்டுக்கு: குத்தின் நடுவில் அவசரமாகச் செய்ததை "அவசர அறுவைப் பேறு" என்றும், முன்கூட்டி நாள் குறித்ததைத் "திட்டமிட்ட அறுவைப் பேறு" என்றும் எழுதுங்கள். முன்னர் அறுவைப் பேறு கண்ட தாய் என்றால், அதற்குப் பக்கத்திலேயே முதல் முறை ஏன் செய்தது என்ற காரணத்தையும் தாய்க்கு விளங்குகிற தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அந்த வரி அவளுடைய கொப்பியில் இருக்க வேண்டும். வாயால் கதைக்கும்போது சீசர் என்றே சொன்னாலும் ஒன்றும் குறையாது, "எடுத்தது" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.