ஒரு மில்லிமீட்டர் மரத்தில் ஒரு சித்திரம்: பார்சிலோனாவின் மார்க்கெட்ரி பலகைகள்

பார்சிலோனாவில் உள்ள கத்தலோனிய தேசியக் கலை அருங்காட்சியகத்தில் காசா யெயோ மொரேரா வீட்டின் இருக்கைகளும் அலமாரிகளும் இருக்கின்றன. டொமெனெக் இ மொண்டானேர் என்ற கட்டடக் கலைஞர் 1902க்கும் 1906க்கும் இடையில் புதுப்பித்த வீடு அது. அறைகலன்களைச் செய்தவர் மயோர்க்கா தீவில் பிறந்த கஸ்பார் ஓமார் (1870–1955). பலகைகளில் பெண்களும் பூக்களும் நிற்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வண்ணம் தீட்டியதுபோல் இருக்கும். அருகே போனால் தூரிகை பட்ட தடமே இருக்காது. ஆடையின் மடிப்பு ஒரு மரம், கூந்தல் வேறொரு மரம், நிழல் விழும் இடம் சுட்ட மரம். இந்த வேலைக்குப் பெயர் மார்க்கெட்ரி. ஓமாரின் பல பலகைகளுக்கு உருவம் வரைந்து கொடுத்தவர் ஜுசெப் பெய் என்ற ஓவியர்.

அதே நகரத்துக் கட்டடக் கலைஞர் கவுடியின் வழி வேறு. காசா கால்வெட் வீட்டுக்கு அவர் வடிவமைத்த நாற்காலிகள் ஓக் மரத்தையே செதுக்கிச் செய்தவை. அங்கே உளிதான் எல்லாம். ஓமாரின் பலகையிலோ கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் ஏறக்குறைய 1 மி.மீ. கனமுள்ள வினீர் என்ற மெல்லிய மரத்தாள்தான். அதன் ஆயுளைத் தீர்மானிப்பவை அடியில் இருக்கும் பசையும் பின்பக்கமும்.

முதலில் அறுப்பு. வினீர்த் தாள்களை அடுக்கி, மேலும் கீழும் தரம் குறைந்த தாள் ஒன்றை வைத்துக் கட்டி, வரைபடத்தை மேலே ஒட்டி, மெல்லிய கம்பிவாளால் கோட்டின்மேல் அறுப்பது ஒரு முறை. ஒரே அறுப்பில் பல படிகள் கிடைக்கும். ஆனால் வாள் தின்ற இடம் இடைவெளியாக நிற்கும். பசையும் மரத்தூளும் அதை நிரப்பி, உருவத்தைச் சுற்றிக் கருங்கோடு விழும். உடுப்பின் ஓரத்தில் அது அழகு. முகத்தில் விழுந்தால் முகமே கெட்டுவிடும். அங்கே சாய்வறுப்பு வேண்டும். இரண்டே தாள்களை வைத்து, வாளைச் சாய்த்து அறுத்தால் கீழ்த்தாளின் துண்டு மேல்தாளின் துளையில் ஆப்பு போல இறுகி உட்காரும். கோணத்தைக் கணக்கிட்டே சொல்லலாம்: வாள் தின்னும் அகலத்தை வினீரின் கனத்தால் வகுத்தால் சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பு கிடைக்கும். 0.25 மி.மீ. வாள், 0.9 மி.மீ. வினீர் என்றால் சுமார் 16 பாகை. கோணம் குறைந்தால் துண்டு தளர்ந்து கீழே இறங்கிவிடும். கூடினால் துளைக்குள் முழுதாக இறங்காமல் மேலே துருத்தி நிற்கும்.

அடுத்து நிழல். இரும்புத் தட்டில் நுண்மணலைச் சூடாக்கி, துண்டின் ஓரத்தை இடுக்கியால் பிடித்துச் சில விநாடிகள் மணலுக்குள் செருகுவார்கள். ஆழத்தில் சூடு அதிகம், மேலே குறைவு. அதனால் கருமை ஓரத்தில் தொடங்கிப் படிப்படியாக மங்கும். சூடு துண்டின் முழுக் கனத்துக்கும் ஊடுருவ வேண்டும். மேலாகக் கருகியிருந்தால், பிறகு பரப்பைச் சுரண்டும்போது நிழலும் சேர்ந்து போய்விடும். மணல் அளவுக்கு மீறிச் சூடானால் ஓரம் கரியாகிப் பொடியும். சுட்ட துண்டு ஈரம் இழந்து சுருங்கியும் இருக்கும். லேசாக ஈரம் காட்டிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்த பிறகே அதன் இடத்தில் பொருத்த வேண்டும்.

இனி பசை. நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று அழைக்கும் தோல் பசைதான் அங்கும். குருணையைக் குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 60 டிகிரி செல்சியஸ் அளவில் உருக்க வேண்டும். கொதிக்கவிட்டால் பசையிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தின் சங்கிலிகள் அறுபட்டுப் பசை வலுவிழக்கும். சித்திரத்தின் முகப்பில் காகிதம் ஒட்டி, மறுபுறத்தைப் பலகைமேல் வைத்து, சூடான துத்தநாகத் தகட்டோடு திருகுகளால் இறுக்கி மறுநாள்வரை விடுவது வழக்கம். தகட்டின் சூடு, இதற்கிடையே உறைந்துபோன பசையை மீண்டும் இளக்கி எங்கும் பரவச் செய்கிறது.

இங்கேதான் பின்பக்கம் வருகிறது. பசையிலுள்ள நீரைக் குடித்து வினீர் விரியும். காயும்போது சுருங்கிப் பலகையைத் தன் பக்கமாக வளைக்கும். அதனால் முதுகிலும் ஒரு வினீர் ஒட்டப்படும். இரு பக்க இழுப்பும் சமமானால் பலகை நேராக நிற்கும். முதுகு வினீரைத் தேவையற்றதென்று இழைத்துத் தள்ளிய பலகைகள் சில மாதங்களில் கிண்ணம்போல் குழிவதைப் பார்க்கலாம்.

மரம் எல்லாத் திசையிலும் ஒரேபோல் அசைவதில்லை. பச்சை மரம் முழுக்கக் காயும்போது வளையங்களின் போக்கில் சுமார் 8 சதவீதமும், மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுமார் 4 சதவீதமும் சுருங்கும், நீளவாட்டில் 0.1 சதவீத அளவே. பார்சிலோனா கடலோர நகரம். காற்றில் 65 சதவீத ஈரப்பதம் இருந்தால் மரத்துக்குள் ஈரம் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதே பொருளைக் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குக் கொண்டுபோனால் 7 சதவீதத்துக்கு இறங்கும். 40 செ.மீ. அகலப் பலகை 5 மி.மீ.க்கு மேல் சுருங்க இதுவே போதும். பலகையைத் தாங்கும் சட்டத்தின் பள்ளத்தில் ஒட்டாமல் விட்ட பலகைக்கு இதனால் சேதமில்லை. யாரோ பள்ளத்தில் பசை ஊற்றியிருந்தால், அது நடுவில் பிளக்கும். பிளவு சித்திரத்தின் குறுக்கேயும் ஓடும்.

வினீர் எழும்பியிருக்கிறதா என்று அறிய நகத்தால் தட்டினால் போதும். ஒட்டிய இடம் கெட்டியாக ஒலிக்கும், எழும்பிய இடம் பொள்ளலாக. மர ரேகையின் போக்கில் கூர்மையான கத்தியால் சிறு கீறல் போட்டு, நீர்த்த வெதுவெதுப்பான வஜ்ஜிரத்தை ஊசியால் செலுத்தி, நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்துச் சூடான கட்டையால் அழுத்தி ஒரு நாள் விட வேண்டும். பழைய பசையும் இளகிப் புதியதோடு கலந்துவிடும். கடையில் விற்கும் வெள்ளைப் பசையை எடுக்கவே கூடாது. அது பழைய வஜ்ஜிரத்தின்மேல் சரியாகப் பிடிக்காது. பிடித்த இடத்திலோ பிறகு எளிதில் இளகாது, அடுத்து வருபவர் வினீரை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். சூட்டையும் ஈரத்தையும் கண்டால் கரைவது வஜ்ஜிரத்தின் குறை என்பார்கள். நூறு ஆண்டுக்குப் பிறகும் இந்தப் பொருட்களைப் பழுதுபார்க்க முடிவதே அந்தக் குறையால்தான். மேலே பூசிய அரக்கு பாலிஷ் ஈரம் பட்டால் வெளுக்கும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

முதுகுப் பலகையில் 2 மி.மீ. அளவு வட்டத் துளைகள் இருந்தால் வண்டு உளுத்தது. கீழே புதிய மாவு கொட்டியிருந்தால் புழு இன்னும் உள்ளே தின்றுகொண்டிருக்கக்கூடும். மருந்தைச் சித்திரத்தின்மேல் தடவினால் பாலிஷ் கரையும்; ஆக்சிஜன் நீக்கிய பைக்குள் சில வாரங்கள் அடைத்து வைப்பதே பாதுகாப்பு.

திருத்தவே முடியாத சேதம் ஒளியால் வருவது. புற ஊதாக் கதிர், மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கும். வெளிர் மரங்கள் மஞ்சளாகும், கருமரங்கள் வெளுக்கும், சாயமேற்றிய வினீரின் நிறம் போய்விடும். எல்லாம் ஒரே தேன் நிறத்துக்கு வந்து சேர்கின்றன. மணலில் சுட்ட நிழல் மட்டும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஓமாரின் சமகாலத்தவரான ஜுவான் புஸ்கெட்ஸ், மரத்தில் சூட்டுக்கோலால் கோடு இழுத்து அலங்கரித்தவர். அந்தக் கோடுகளும் அதனாலேயே இன்றும் தெளிவாக இருக்கின்றன. நிறம் எப்படி இருந்தது என்று அறிய வேண்டுமானால், வினீரின் மேலே பொருத்திய பித்தளைக் கீல் ஒன்றைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஒளி படாத அந்த விரலகலத்தில், வினீர் ஒட்டிய காலத்து நிறத்தைக் காணலாம்.