வெயில் பட்ட செல்லுக்குள் தூது ஆர்என்ஏ

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் உச்சி வெயிலில் கருவாடு புரட்டுகிறவரின் புறங்கையைப் பாருங்கள். வெயிலோடு வரும் புற ஊதாக் கதிர் தோல் செல்லுக்குள் நுழைந்து, டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்து உள்ள இரண்டு தைமின்களை (டிஎன்ஏ எழுத்துகளில் ஒன்று) ஒட்டவைத்துவிடுகிறது. கறுத்த தோலின் மெலனின் என்ற நிறமி இதைக் குறைக்கும், முழுசாகத் தடுக்காது.

ஜீனைப் படித்து, புரதம் செய்ய உதவும் அதன் நகலான தூது ஆர்என்ஏவை எழுதிக்கொண்டே வரும் பாலிமரேஸ் என்ற என்சைம், ஒட்டிய இடத்தில் அப்படியே நின்றுவிடும். எழுதி முடித்த நகலுக்கும் தடை உண்டு. அதன் கடைசியில் சுமார் 200 அடினின் எழுத்துகள் கொண்ட வால் சேர்ந்தால்தான் அது நிலைக்கும். டிஎன்ஏ பழுதானதும் பார்ட்1 என்ற புரதம் அந்த வால் சேர்க்கும் வேலையை அமுக்கிவிடுகிறது. அரைகுறை நகல்கள் புழங்காமல் இருக்க இது நல்ல ஏற்பாடு.

அதே நேரத்தில் சில ஜீன்கள் மும்முரமாக வேலை செய்தாக வேண்டும். அவற்றை முடுக்கிவிடுவது 1979-இல் கண்டறியப்பட்ட பி53 புரதம். சாதாரண நாளில் எம்டிஎம்2 என்ற புரதம் இதை அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சுமார் 20 நிமிடத்தில் பாதி போய்விடும். பழுதைக் கண்ட ஏடிஆர் என்சைம் பி53-இல் பாஸ்பேட்டை ஏற்றியதும் எம்டிஎம்2-இன் பிடி தளர்கிறது. அழியாமல் சேர்ந்துகொண்டே போகும் பி53, பி21 என்ற ஜீனை இயக்குகிறது. பி21 புரதம் செல் பிரிவதை நிறுத்திவைத்து, பழுது பார்க்க நேரம் வாங்கித் தருகிறது.

பாடப்புத்தகம் பெரும்பாலும் இதோடு விட்டுவிடும். அப்புறம் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பி21-இன் தூது ஆர்என்ஏ சீக்கிரம் சிதைகிற ரகம். அதன் வால் பக்கம் அடினின், யுராசில் என்ற எழுத்துகள் நிறைந்த துண்டுகள் இருக்கின்றன. சிதைக்கும் என்சைம்களுக்கு அவையே அழைப்பு. ஹெச்யூஆர் என்ற புரதம் வழக்கமாக உட்கருவுக்குள்தான் இருக்கும். புற ஊதாக் கதிர் பட்டதும் அது உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்துக்கு வந்து அந்தத் துண்டுகளில் உட்கார்ந்துகொள்கிறது. படகிலிருந்து இறங்கிய மீனுக்கு ஐஸ் போட்ட மாதிரி, நகல் கெடாமல் தாங்குகிறது. மனிதப் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களில் ஹெச்யூஆரைக் குறைத்துப் பார்த்த ஆய்வு 2000-இல் வெளியானது: கதிர் பட்டபின் பி21 போதிய அளவு கூடவில்லை. ஜீனை இயக்கினால் மட்டும் போதாது, நகல் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் புரதத்தின் அளவைத் தீர்மானிக்கிறது.

சரி, நின்ற செல் மறுபடி எப்படிக் கிளம்பும்? பி53 இயக்கும் ஜீன்களில் எம்டிஎம்2-உம் ஒன்று. தன்னை அழிப்பதைத் தானே தயாரிக்கிறது. பழுது சரியாகி ஏடிஆர் அடங்கியதும் எம்டிஎம்2-இன் கை ஓங்குகிறது, பி53 குறைகிறது. பழைய பி21 நகல்களும் சிதைந்துபோக, செல் மறுபடி பிரியத் தொடங்குகிறது.