ஒல்லி பாஸ்கெட்பால் பையன்: பவுடர் டப்பாவுக்கு முன்னால் இன்ச் டேப்

"என்ன சாப்பிட்டாலும் உடம்புல ஒட்ட மாட்டேங்குது சார்." அம்மாதான் பேச்சை ஆரம்பிப்பார். பையன் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் எடை ஏற்றும் மாஸ் கெய்னர் பவுடர் டப்பா ஒன்றின் படத்தை என் பக்கம் திருப்புவான். பெங்களூரின் அல்சூர், காக்ஸ் டவுன் பக்கமிருந்து வரும் கல்லூரி பாஸ்கெட்பால் பையன்களிடம் இந்தக் கதை பெரிதாக மாறுவதில்லை. உயரம் 6 அடி 4 அங்குலம், எடை 68 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கோச் உடம்பை ஏற்றச் சொல்லி விரட்டுகிறார். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க (ரீபவுண்டு) எழும்பினால், ஒரு சாண் குட்டையான பையன்கூட இடுப்பால் இடித்து ஓரம் கட்டிவிடுகிறான்.

நான் ஸ்போர்ட்ஸ் பிசியோதெரபிஸ்ட். டப்பாவைப் பற்றிப் பேசுவதற்கு முன் இன்ச் டேப்பை எடுத்துவிடுவேன். சுவரோடு நிற்கவைத்து, கைகளைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளப்பேன். பெரும்பாலானவர்களுக்கு இந்த அளவும் உயரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். உயரத்தைப் போல் 1.05 மடங்குக்கு மேல் போனால், அதாவது 193 செ.மீ. உயரமுள்ளவனுக்கு 203 செ.மீ.யை எட்டினால், அடுத்த சோதனைக்குப் போவேன். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி முஷ்டியை மூடச் சொல்வேன். சுண்டுவிரல் பக்கமாகக் கட்டைவிரலின் நகப்பகுதி முழுதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? ஒரு கையால் மறு மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தால் கட்டைவிரல் சுண்டுவிரலின் நகத்தை மூடுகிறதா? நெஞ்செலும்பு குழிந்தோ புடைத்தோ இருக்கிறதா? கண்ணாடிப் பவர் சின்ன வயதிலேயே ஏறியதா? வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா?

இவ்வளவும் மார்ஃபான் சிண்ட்ரோமுக்காக. ஏறக்குறைய 5000 பேரில் ஒருவருக்கு இருக்கும் மரபணுக் கோளாறு இது. உடம்பின் இணைப்புத் திசு தளர்வாக இருக்கும். ஆள் ஒல்லியாக, நெடுநெடுவென்று வளர்வார். வெளியே பார்த்தால் பாஸ்கெட்பாலுக்கென்றே செய்த உடம்பு. உள்ளே, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டிருக்கலாம். மூச்சை அடக்கி கனமான பளுவைத் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். விரிந்த தமனி அதைத் தாங்காமல் கிழிந்தால் பிழைப்பது கஷ்டம். "ஒல்லியா இருக்கே, வெயிட் தூக்கு" என்று இந்தப் பையனை நேரே ஜிம்முக்கு அனுப்புவது எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள்.

அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர். 1986-ல் ஜப்பானில் ஒரு போட்டியின் நடுவே சரிந்து இறந்தபோது அவருக்கு வயது 31. மார்ஃபான் இருந்தது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. 2014-ல் ஐசையா ஆஸ்டின் என்ற 7 அடி கல்லூரி வீரருக்கு என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை பாஸ்கெட்பால் லீக்) அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்குச் சில நாள் முன்பு நடந்த பரிசோதனையில் இது பிடிபட்டது. உடனே ஆட்டத்தை நிறுத்தினார்கள். 2016-ல் டாக்டர்கள் மறுபடி அனுமதி கொடுக்க, வெளிநாட்டு லீக்குகளில் ஆடினார்.

கை நீளமாக இருப்பதாலேயே நோய் என்று பயப்பட வேண்டாம். நல்ல பாஸ்கெட்பால் வீரர்கள் பலருக்கும் கை நீளம்தான். சந்தேகம் வந்தால் இதய டாக்டரிடம் அனுப்பி இதயத்தை ஸ்கேன் செய்யும் ஓர் எக்கோ எடுக்கச் சொல்வேன், அவ்வளவுதான். வலியில்லாத பரிசோதனை. பெங்களூரில் ஜெயதேவா போன்ற அரசு மருத்துவமனையே இருக்கிறது.

இன்னும் ஒன்று. ஒல்லியான உயரமான இளைஞர்களுக்கு எந்த அடியும் படாமலே நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிவது உண்டு. ஒரு பக்கம் மட்டும் சுருக்கென்று நெஞ்சு வலித்து, மூச்சு வாங்கினால், "கேஸா இருக்கும்" என்று சோடா வாங்கிக் கொடுக்காமல் எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள். அதேபோல், எடை ஏறாமலிருப்பது வேறு, இருந்த எடை இறங்குவது வேறு. இறங்கினால் சுகர், தைராய்டு, காசநோய் எல்லாம் பார்த்தே ஆக வேண்டும்.

சரி, பரிசோதனையில் ஒன்றும் இல்லை, பையன் வெறும் ஒல்லிதான் என்றால் சாப்பாட்டுக்கு வருவோம். ஒரு வாரம் வாயில் போட்டதையெல்லாம் எழுதிவரச் சொல்வேன். காலை 6 மணி ப்ராக்டிஸுக்கு வெறும் டீயோடு ஓட்டம். அங்கிருந்து காலேஜுக்குப் போகும் வழியில் தர்ஷினி ஓட்டலில் நின்றபடியே இரண்டு இட்லி, பல நாள் அதுவும் இல்லை. மதியம் டப்பாவில் தயிர்சாதம். சாயங்காலம் மறுபடி ப்ராக்டிஸ். டிராஃபிக்கில் ஊர்ந்து வீடு சேர எட்டரை. அப்புறம் அகோரப் பசியில் மூன்று தட்டு. அம்மா கண்ணால் பார்ப்பது இந்த ராத்திரித் தட்டை மட்டும்தான். "என்ன சாப்பிட்டாலும்" என்பது அவர் வாயில் வருவது அதனால்தான். இந்த உயரத்துக்கு, இரண்டு வேளை ப்ராக்டிஸுள்ள நாளில் 3000 கலோரிக்கு மேல் செலவாகும். ஒரே தட்டில் அதை ஈடுகட்ட முடியாது.

அதனால் புதிதாக எதையும் வாங்கச் சொல்வதில்லை, பகலை நிரப்பச் சொல்கிறேன். ப்ராக்டிஸுக்கு முன் இரண்டு ஏலக்கி வாழைப்பழம். முடிந்த கையோடு அரை லிட்டர் பாலும் மூன்று அவித்த முட்டையும். பையில் எப்போதும் வேர்க்கடலை. மதியச் சாதத்தோடு கோழி, பன்னீர், இல்லை ஒரு கை சோயா. 68 கிலோ பையனுக்கு ஒரு நாளைக்கு 110 கிராம் புரதம் போதும். முட்டைக்கு 6 கிராம், அரை லிட்டர் பாலுக்கு 16 கிராம், 50 கிராம் சோயாவுக்கு 25 கிராம் என்று கூட்டி, மீதியை வேர்க்கடலை, தயிர், சாதம், ராத்திரித் தட்டு என்று சேர்த்தால் டப்பா இல்லாமலே வந்துவிடும். மாஸ் கெய்னர் டப்பாவில் பெரும்பங்கு மாவுச்சத்துதான். நம் வீட்டு அரிசியில் இல்லாததா?

ஜிம் அண்ணன் லேபிள் இல்லாத மாத்திரையோ ஊசியோ நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். வளர்ச்சி முடியாத எலும்பு ஸ்டீராய்டால் முன்கூட்டியே மூடிக்கொள்ளும், மிச்சமிருக்கும் உயரமும் போகும். ஊக்கமருந்தைக் கண்டுபிடிக்கும் தேசிய அமைப்பான நாடாவின் (NADA) பரிசோதனையில் மாட்டினால் ஆட்டமும் போகும்.

பளுவில் என் அபிப்பிராயம்: படுத்தபடி நெஞ்சுக்கு மேல் பாரைத் தள்ளும் பெஞ்ச் பிரஸ் மோகத்தை விடுங்கள். இன்று என்பிஏ நட்சத்திரமாக அறியப்படும் கெவின் டுரான்ட், 2007-ல் அந்தப் பயிற்சியில் 84 கிலோ பாரை ஒருமுறைகூடத் தூக்க முடியாமல் கேலிக்கு ஆளானார், ஆனாலும் அந்த வருட டிராஃப்டில் இரண்டாவதாகத் தேர்வானார். நீளக் கைக்காரனுக்கு பார் போகவேண்டிய தூரமே அதிகம். வளையத்துக்கு அருகே (போஸ்டில்) தள்ளுப்படாமல் நிற்க வேண்டியது இடுப்பும் தொடையும். வாரம் இரண்டு மூன்று நாள் கோப்லெட் ஸ்க்வாட் (பளுவை நெஞ்சோடு பிடித்து உட்கார்ந்து எழுவது), ஒற்றைக்கால் ஸ்க்வாட், ரொமேனியன் டெட்லிஃப்ட் (இடுப்பை மடக்கிக் குனிந்து பளுவோடு நிமிர்வது), புல்-அப், கெண்டைக்கால் பயிற்சி. தொடையெலும்பு நீளமானவன் ஸ்க்வாட்டில் முன்னால் சாய்வது இயல்பு. அதற்காகத் திட்ட வேண்டாம், குதிகாலுக்கடியில் சின்னப் பலகை வைத்தால் சாய்வு குறையும். மாதம் 1 முதல் 2 கிலோ ஏறினாலே நல்ல வேகம். கியானிஸ் அன்டெட்டோகும்போ 2013-ல் என்பிஏவுக்கு வந்தபோது 90 கிலோவை ஒட்டி இருந்தார். 110 கிலோ ஆக வருடங்கள் பிடித்தன.

நம் காலேஜ் கோர்ட்டுகள் பலவும் சிமென்ட் தரை. குறைவாகச் சாப்பிட்டு, அதில் தினமும் குதிக்கும் பையன், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்து "இங்கதான் வலிக்குது" என்று காட்டினால், ஒற்றைக்காலில் குதிக்கும்போது அது அதிகமானால், அன்றே ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஆர்த்தோ டாக்டரைப் பாருங்கள். அது எலும்பில் விழும் விரிசலாக இருக்கலாம், ஆரம்பக் கட்ட விரிசல் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது. எக்ஸ்ரே நார்மல் என்று மறுநாளே கோர்ட்டில் இறங்காமல், எம்ஆர்ஐ தேவையா என்று அவரிடமே கேளுங்கள்.