சீரியல் கன்சோல் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி நாட்களில் மலைச்சரிவில் நிற்கும் தானியங்கி மழைமானி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மண் சரிந்து பாதை அடைபட்டிருக்கும், யாரும் போய்ப் பார்க்க முடியாது. மழைமானிப் பெட்டிக்குள் லினக்ஸ் ஓடும் சின்ன போர்டு தனியாகத்தான் சமாளிக்க வேண்டும். அது தடுமாறினால் என்ன ஆயிற்று என்று சொல்ல, பெரும்பாலும் ஒரு கேபிள் வழியாகச் செய்திகளை எழுத்து எழுத்தாக வெளியே அனுப்பும் சீரியல் கன்சோல்தான் மிஞ்சும். நெட்வொர்க் போனாலும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தன் கடைசிச் செய்திகளை அந்த கேபிள் வழியாக அனுப்பப் பார்க்கும். ஆனால் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரைக் கவனமாக எழுதாவிட்டால், அதே கேபிள் போர்டையே முடக்கிவிடும்.

சீரியல் போர்ட்டின் சிப்புக்கு யூஆர்ட் என்று பெயர். கெர்னல் தரும் எழுத்தை அது பிட் பிட்டாக கேபிளில் தள்ளும். தொடக்க பிட் ஒன்று, தரவு பிட் எட்டு, முடிவு பிட் ஒன்று, ஆக எழுத்துக்கு 10 பிட். வேகம் 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்) என்றால் விநாடிக்கு 960 எழுத்துதான் போகும், அதாவது ஓர் எழுத்துக்கு ஒரு மில்லி விநாடிக்குச் சற்று மேல். 1 கிகாஹெர்ட்ஸ் பிராசசரில் அதற்குள் பத்து லட்சம் கிளாக் துடிப்புகள் போய்விடும்.

சாதாரணமாக யூஆர்ட் காலியானதும் பிராசசரை அழைக்கும் இன்டரப்ட் சிக்னல் கொடுக்கும். அதுவரை பிராசசர் வேறு வேலை பார்க்கும். கன்சோல் அதை நம்பி இருக்க முடியாது. கெர்னல் நிலைகுலையும் நேரத்தில் இன்டரப்ட் வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் கன்சோல் டிரைவர் இன்டரப்டை அடைத்துவிட்டு, காலியாகிவிட்டதா என்று யூஆர்ட்டின் நிலையைக் காட்டும் ரிஜிஸ்டரைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே நிற்கும்.

ஆர்.எஸ்-232 இணைப்பில் சி.டி.எஸ் என்று ஒரு கம்பி உண்டு. மறுமுனை அதில் 'அனுப்பு' என்று சொன்ன பிறகுதான் அனுப்ப வேண்டும் என்று அமைத்துக்கொள்ளலாம். குன்னூர் மலைப்பாதையின் குறுகலான வளைவில் கண்டக்டர் விசில் கொடுத்த பிறகே பஸ்ஸை நகர்த்துவது போல இது நல்ல ஏற்பாடு. விசில் வரவே வராவிட்டால்? மறுமுனையில் உள்ள மோடத்துக்கு மின்சாரம் போய்விட்டது, சி.டி.எஸ் வரப்போவதே இல்லை. டிரைவர் முடிவில்லாமல் காத்திருந்தால் அந்த பிராசசர் அங்கேயே நின்றுவிடும், மழை அளவும் பதிவாகாது.

அதற்குத்தான் டைம்அவுட், அதாவது காத்திருப்புக்கு ஒரு வரம்பு. 8250 வகை யூஆர்ட்களுக்கான லினக்ஸ் டிரைவர் பல ஆண்டுகளாக, யூஆர்ட் காலியாக 10 மில்லி விநாடி வரை காத்திருந்தது; சி.டி.எஸ் பார்க்கச் சொல்லியிருந்தால் அதற்கு இன்னும் ஒரு விநாடி. ஓர் எழுத்துக்கு 10 மில்லி விநாடி தாராளம். ஆனால் இப்போதைய யூஆர்ட்களில் எழுத்துகள் வரிசையாகக் காத்திருக்க ஃபிஃபோ இருக்கிறது. 64 எழுத்து ஃபிஃபோ நிறைந்திருந்தால் 9600 பாட்டில் அது காலியாக ஏறக்குறைய 67 மில்லி விநாடி ஆகும். 10 மில்லி விநாடியிலேயே பொறுமை இழந்து அடுத்த தொகுதியைக் கொட்டினால் இடமில்லாத எழுத்துகள் தொலைந்துபோகும். வரிகள் நடுவில் அறுந்து வரும், பார்ப்பவர் கேபிள்மேல் சந்தேகப்படுவார். எனவே டைம்அவுட்டை நிலையான எண்ணாக எழுதிவைக்கக் கூடாது. ஃபிஃபோ அளவையும் பாட் வேகத்தையும் வைத்துக் கணக்கிட்டு, அதை இரட்டிப்பாக்கிக்கொள்வதே சரி.

நேரத்தை அளப்பதிலும் ஒரு சிக்கல். கெர்னலின் வழக்கமான நேரக் கணக்கு டைமர் இன்டரப்டில் முன்னேறுகிறது. ஒரே கோர் உள்ள போர்டில் இன்டரப்டை அடைத்துவிட்டு அந்தக் கணக்கைப் பார்த்தால் நேரம் நகரவே நகராது, டைம்அவுட்டும் வராது. அதனால்தான் அந்த டிரைவர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மைக்ரோ விநாடி தாமதித்து, சுற்றுகளை எண்ணுகிறது.

டைம்அவுட் வைத்தாகிவிட்டது, சரி. ஆனால் அது எழுத்துக்கு எழுத்து புதிதாகத் தொடங்கினால்? சி.டி.எஸ் செத்த நிலையில் 80 எழுத்து வரிக்கு 80 விநாடி. கெர்னல் விழும்போது வருகிற 50 வரிகளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல். காத்திருக்கும்போது டிரைவர் 'முடங்கவில்லை' என்று கெர்னலின் முடக்கக் கண்காணிப்பைத் தட்டிக்கொண்டே இருப்பதால் அதுவும் எச்சரிக்காது. போர்டில் முடக்கத்தைக் கண்டறியும் வாட்ச்டாக் தனியாக இருந்தால் அது ரீபூட் செய்யும். பூட் ஆகும்போதும் கன்சோலில் செய்தி வருமே, மறுபடி அதே முடக்கம். என் கருத்தில் இந்த டிரைவர்களில் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஒருமுறை டைம்அவுட் ஆனதும் அதைக் குறித்துவைத்துக்கொண்டு, அந்தச் செய்தியின் மிச்சத்தைக் கைவிட வேண்டும். அடுத்த செய்தி வரும்போது ஒரே ஒருமுறை நிலையைப் பார்த்தால் போதும். மறுமுனை உயிர்பெற்றிருந்தால் பழையபடி தொடரலாம்.

கைவிட்ட செய்தி காணாமல் போவதில்லை, கெர்னலின் பதிவு நினைவகத்தில் அது இருக்கும். ரீபூட்டுக்குப் பிறகும் வேண்டும் என்றால் ரேம்ஊப்ஸ் வசதியை இயக்கி வையுங்கள். மின்சாரம் அறுபடாத வரை ரேமின் ஒரு பகுதியில் கடைசி வரிகள் தங்கும். பெட்டியை மலைக்கு ஏற்றும் முன், சி.டி.எஸ் இயங்கும் நிலையில் மோடத்தின் மின்சாரத்தைப் பிடுங்கி, வேண்டுமென்றே கெர்னலை விழவைத்து, எத்தனை விநாடியில் ரீபூட் ஆகிறது என்று மேசையிலேயே அளந்துவிடுங்கள்.