கிரீம் இல்லாமல் கெட்டிப்படும் சாஸ்: காய்கறி பாஸ்தாவின் தண்ணீர்க் கணக்கு

வீட்டில் செய்யும் காய்கறி பாஸ்தா பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் கெடும். தட்டில் போட்ட இரண்டாவது நிமிடமே அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கும். காய் சொதசொதவென்று இருக்கும். இல்லையென்றால் எல்லாம் வறண்டு, எண்ணெய் மட்டும் மேலே மினுமினுக்க, பாஸ்தா தனி காய் தனி என்று கிடக்கும். இதற்குப் பயந்தே பலர் கிரீமை ஊற்றிவிடுகிறார்கள். கிரீம் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் காயின் ருசியையும் சேர்த்து மூடிவிடும். 100 மில்லி கெட்டி கிரீமில் சுமார் 35 கிராம் கொழுப்பு இருக்கிறது. இத்தாலியச் சமையலில் அந்த வேலையைப் பாஸ்தா வெந்த தண்ணீரே செய்துவிடுகிறது. லேசான காய்கறி பாஸ்தாவின் சூட்சுமம் முழுக்கத் தண்ணீரில்தான்: பானையில் எவ்வளவு வைப்பது, காயிலிருந்து எவ்வளவு வெளியேற்றுவது, கடைசியில் வாணலியில் எவ்வளவு விடுவது.

முதலில் பாஸ்தாவைப் பார்ப்போம். இத்தாலியில் 1967ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உலர் பாஸ்தாவைத் துரம் என்ற கடினக் கோதுமையின் ரவையில்தான் செய்யவேண்டும். 2001இல் வந்த விதிகளின்படி அதில் புரதம் குறைந்தது 10.5 சதவீதமும், ஈரம் அதிகபட்சம் 12.5 சதவீதமும் இருக்கவேண்டும். புரதத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? பாஸ்தா என்பது குளூட்டன் என்ற புரத வலைக்குள் சிக்கிக் கிடக்கும் மாவுச்சத்து மணிகள்தான். வெந்நீரில் போட்டதும் இரண்டு மாற்றங்கள் போட்டி போட்டுக்கொண்டு நடக்கின்றன. சுமார் 55 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் மாவுச்சத்து மணிகள் தண்ணீரைக் குடித்து உப்பி, கூழாக மாறத் தொடங்கும். இன்னும் சூடு ஏறும்போது புரத வலை இறுகிக் கெட்டிப்படும். வலை வலுவாக இருந்தால் மாவுச்சத்து உள்ளேயே நிற்கும், பாஸ்தா கடிக்க இதமாக இருக்கும். வலை தளர்ந்திருந்தால் மாவுச்சத்து வெளியே கொட்டி, பாஸ்தா குழைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சாதாரணக் கோதுமையில் செய்த மலிவான பாஸ்தா சீக்கிரம் குழைவதற்குக் காரணம் இதுதான். பாக்கெட்டின் பின்புறம் 100 கிராமுக்கு 13 கிராமோ அதற்கு மேலோ புரதம் என்று போட்டிருந்தால் தைரியமாக வாங்கலாம்.

பாஸ்தாவின் மேற்பரப்பையும் பாருங்கள். வெண்கல அச்சில் பிழிந்த பாஸ்தா மங்கலாக, மாவு பூத்ததுபோலச் சொரசொரப்பாக இருக்கும்; டெஃப்லான் பூசிய அச்சில் பிழிந்தது மஞ்சளாகப் பளபளக்கும். சொரசொரப்பான பரப்பில் சாஸ் நன்றாகப் பிடிக்கும், தண்ணீரில் மாவுச்சத்தும் கொஞ்சம் கூடுதலாகக் கரையும். நேப்பிள்ஸுக்கு அருகிலுள்ள கிரன்யானோ ஊரின் பாஸ்தா இதற்குப் பேர்போனது. 2013இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் பெற்றது. எண்ணெய் குறைவாக, சாஸ் மெல்லியதாக இருக்கும் இந்த வகைச் சமையலுக்குச் சொரசொரப்பான பாஸ்தாதான் சரி. பளபளப்பான பரப்பிலிருந்து மெல்லிய சாஸ் வழுக்கிவிடும்.

இரண்டு பேருக்கு 160 கிராம் பென்னே (குழாய் வடிவப் பாஸ்தா) அல்லது ஃபுசில்லி (திருகு வடிவப் பாஸ்தா) போதும். இத்தாலிய உணவு வழிகாட்டிகள் ஒரு ஆளுக்குச் சொல்லும் அளவு 80 கிராம்தான். 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது அங்கே வழிவழியாக வரும் கணக்கு. நாம் எடுத்துக்கொள்வது ஒன்றரை லிட்டர் தண்ணீரும் 12 கிராம் உப்பும், அதாவது தலைதட்டிய 2 டீஸ்பூன். இந்தத் தண்ணீரின் ஒரு பகுதி பின்னால் சாஸுக்குள் வற்றப்போகிறது, சீஸிலும் உப்பு இருக்கிறது. அதனால்தான் உப்பைச் சற்றுக் குறைத்திருக்கிறோம். இவ்வளவு உப்பா என்று பதற வேண்டாம். 160 கிராம் பாஸ்தா சுமார் 180 கிராம் தண்ணீரைத்தான் குடிக்கும். அதோடு உள்ளே போகும் உப்பு ஒன்றரை கிராம் அளவுதான். மீதி பானையிலேயே நின்றுவிடும். உப்பு போட்டால் தண்ணீர் அதிகச் சூட்டில் கொதித்துப் பாஸ்தா சீக்கிரம் வேகும் என்பதில் பொருளில்லை: இந்த அளவு உப்புக்குக் கொதிநிலை 0.2 டிகிரிகூட ஏறாது. உப்பு ருசிக்காக மட்டுமே. ஆனால் அதைத் தண்ணீரிலேயே போட்டாக வேண்டும், ஏனென்றால் வெந்த பிறகு தூவும் உப்பு பாஸ்தாவின் உள்ளே போகாது.

தண்ணீரில் எண்ணெய் விடுவதும் வீண். எண்ணெய் மேலே மிதக்கும், பாஸ்தா கீழே வேகும். ஒட்டாமல் இருக்க ஒரே வழி, போட்ட முதல் இரண்டு நிமிடம் விடாமல் கிளறுவது. அந்த நேரத்தில்தான் வெளிப்பரப்பு மாவுச்சத்து பசையாகிறது. அது தண்ணீரில் கரைந்து விலகும்வரை துண்டுகளைப் பிரித்துவைத்தால் போதும். அதன்பிறகு தளதளவென்று கொதிக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. 2021இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோர்ஜோ பாரிசி, கொதித்ததும் அடுப்பை அணைத்து மூடிவைத்தே பாஸ்தாவை வேகவைக்கலாம் என்ற யோசனையை 2022இல் ஆதரித்துப் பேசியபோது இத்தாலியச் சமையல்காரர்கள் கொந்தளித்தார்கள். மாவுச்சத்து வேக 100 டிகிரி தேவையில்லை என்பதால் அவர் சொன்னதில் அறிவியல் பிழை இல்லை. ஆனால் மெல்லிய பாத்திரத்தில் சூடு வேகமாக இறங்கும், பதம் தவறும். மிதமான கொதியில் வைப்பதே வீட்டுச் சமையலுக்கு நம்பகமான வழி.

பதம் பார்க்க, பென்னே ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டுங்கள். குழாயின் சுவருக்குள் வெளியேயும் உள்ளேயும் மஞ்சள் விளிம்பு, நடுவில் மெல்லிய வெள்ளை வளையம் தெரியும். அந்த வெள்ளைதான் இன்னும் தண்ணீர் போய்ச் சேராத மாவுச்சத்து. வளையம் தடிமனாக இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. தலைமுடி அளவுக்கு மெலிந்ததும் எடுத்துவிட வேண்டும். பாக்கெட்டில் 11 நிமிடம் என்று இருந்தால் இந்த நிலை ஏறக்குறைய 9ஆவது நிமிடத்தில் வரும். மீதி வேக்காடு வாணலியில் நடக்கப்போகிறது.

இனி காய்கள். இரண்டு பேருக்கு 200 கிராம் சுக்கினி (வெள்ளரிக்காய் போலிருக்கும் பச்சைக் காய்), 100 கிராம் சிவப்புக் குடைமிளகாய், 80 கிராம் பச்சைப் பட்டாணி, 120 கிராம் செர்ரி தக்காளி, இரண்டு பல் பூண்டு. தட்டில் தேங்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இங்கேதான் விடை. சுக்கினியிலும் தக்காளியிலும் 94 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். 200 கிராம் சுக்கினி என்றால் ஏறக்குறைய 190 கிராம் தண்ணீர், வெறும் 10 கிராம்தான் மற்றவை. சூடு சுமார் 60 டிகிரியைத் தாண்டியதும் காயின் செல் சவ்வுகள் சிதைந்து அந்தத் தண்ணீர் கசியத் தொடங்கும். கசியும் வேகத்தைவிட வேகமாக அது ஆவியாக வேண்டும். இல்லையென்றால் காய் தன் தண்ணீரிலேயே அவிந்துவிடும்.

100 கிராம் தண்ணீரை ஆவியாக்க சுமார் 226 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். வாணலிக்குள் ஒரு கிலோவாட் வெப்பம் இறங்கும் அடுப்பில் அதற்கு ஏறக்குறைய 4 நிமிடம் பிடிக்கும். தண்ணீர் இருக்கும்வரை காயின் பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் வறுத்த மணமும் வர 140 டிகிரிக்கு மேல் போகவேண்டும். எல்லாக் காயையும் ஒன்றாகக் கொட்டினால் அந்தச் சூட்டை வாணலி எட்டவே எட்டாது. சுக்கினியை 5 மில்லிமீட்டர் கனத்தில் அரைவட்டமாக நறுக்கி, 28 சென்டிமீட்டர் அகல வாணலியில் ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். தீ நன்றாக எரியட்டும். இரண்டு நிமிடம் தொடாதீர்கள். காதைக் கொடுத்தால் வித்தியாசம் தெரியும்: முதலில் ஈரம் கொதிக்கும் குழகுழச் சத்தம், பிறகு காய்ந்த, கூர்மையான சடசடப்பு. அந்தச் சடசடப்பு வந்தபிறகே திருப்பவேண்டும். உப்பு இப்போது வேண்டாம். சவ்வூடு பரவலால் அது தண்ணீரை முன்கூட்டியே இழுத்துவிடும். சிவந்ததும் தட்டில் எடுத்துவைத்து, அப்போதுதான் ஒரு சிட்டிகை தூவுங்கள். அடுத்து குடைமிளகாய், 4 நிமிடம்; அதையும் தட்டில் எடுத்துவைத்துவிடுங்கள்.

பட்டாணிக்கு வாணலியே தேவையில்லை. பாஸ்தாவை எடுப்பதற்கு இரண்டு நிமிடம் முன்னால் அதே பானையில் போட்டால் போதும். தென்னித்தாலியின் புலியா பகுதியில் ஒரெக்கியெத்தே பாஸ்தாவையும் சீமே தி ராப்பா கீரையையும் ஒரே தண்ணீரில் வேகவைப்பதும் இதே முறைதான். பச்சைக் காய்களை அமிலத்தில் நெடுநேரம் வைக்கக்கூடாது. தக்காளி, எலுமிச்சையின் அமிலம் பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசிய அணுவை வெளியேற்றி, நிறத்தைப் பழுப்புப் பச்சையாக்கிவிடும். அதே அமிலம் காயின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைக் கரையவிடாமல் தடுக்கும் என்பதால், தக்காளியோடு போட்ட காய் வேகவும் நேரமெடுக்கும். ஆகவே தக்காளி கடைசியில். தீயைத் தணித்து, வாணலியின் சூடு கொஞ்சம் இறங்கியபிறகு நறுக்கிய பூண்டைப் போடுங்கள். அது மெலிதாக நிறம் மாறுவதற்குள் பாதியாக வெட்டிய தக்காளியைச் சேர்த்தால் சாறு இறங்கிப் பூண்டைக் காப்பாற்றும். கருகிய பூண்டின் கசப்பை எதைக்கொண்டும் மறைக்க முடியாது. கருகினால் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மேல்.

மூன்று நிமிடத்தில் தக்காளி தளர்ந்துவிடும். இப்போதுதான் உண்மையான சமையல் நடக்கிறது. பாஸ்தாவையும் சாஸையும் வாணலியில் ஒன்றாகக் கலக்கிச் சேர்க்கும் இந்தக் கட்டத்தை இத்தாலியர்கள் மாந்தெகாத்துரா என்பார்கள். பாஸ்தாவை வடிகட்டுவதற்கு முன் ஒரு கோப்பைத் தண்ணீரை எடுத்துவைத்துவிடுங்கள். பாஸ்தாவையும் பட்டாணியையும் துளைக்கரண்டியால் அள்ளி நேராக வாணலிக்கு மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசவே கூடாது. சாஸைப் பிடிக்கும் பசை முழுவதும் போய்விடும். 150 மில்லி பாஸ்தா தண்ணீரை ஊற்றி, நல்ல தீயில் இரண்டு நிமிடம் குலுக்கியும் கிளறியும் வற்றவையுங்கள். பாஸ்தா மீதி வேக்காட்டை முடிக்கும். தண்ணீர் குறையக் குறைய மாவுச்சத்தின் செறிவு ஏறும். கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடாமல் ஒரு நொடி நிற்கவேண்டும்.

அடுப்பை அணைத்து, சுக்கினியையும் குடைமிளகாயையும் சேர்த்து, இன்னொரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயைச் சூடாக்காமல் அப்படியே விட்டு அரை நிமிடம் வேகமாகக் கலக்குங்கள். எண்ணெய் நுண்துளிகளாக உடைகிறது. வெறும் தண்ணீராக இருந்தால் அவை நொடியில் ஒன்றுசேர்ந்து மேலே மிதந்திருக்கும். கரைந்த மாவுச்சத்து தண்ணீரைக் கெட்டியாக்கித் துளிகளின் நடமாட்டத்தைத் தடுக்கிறது. இப்படி உருவாகும் பால்மம்தான் கிரீமின் இடத்தைப் பிடிப்பது. எண்ணெயை அறவே விட்டுவிடுவது நல்ல யோசனை அல்ல: குடைமிளகாயின் கரோட்டீனும் தக்காளியின் லைக்கோபீனும் கொழுப்பில் கரைந்தால்தான் குடல் அவற்றை நன்றாக உறிஞ்சும். ஒரு ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் லேசான அளவுதான்.

சீஸ் கடைசி, அதுவும் அவசரப்படாமல். பார்மிஜானோ ரெஜ்ஜானோ 25 கிராம், மிக நைசாகத் துருவியது. சுமார் 65 டிகிரிக்கு மேல் சீஸின் புரதங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ரப்பர் கட்டிகளாகிவிடும். 2025இல் இயற்பியலாளர் குழு ஒன்று பெக்கோரினோ என்ற ஆட்டுப்பால் சீஸில் இதை அளந்து, ‘பிசிக்ஸ் ஆஃப் ஃப்ளூயிட்ஸ்’ ஆய்விதழில் வெளியிட்டது. சீஸின் எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவாக மாவுச்சத்து இருந்தால் கட்டி விழும். 2 முதல் 3 சதவீதம் பாதுகாப்பு. 4ஐத் தாண்டினால் ஆறியதும் சாஸ் விறைத்துவிடும். அந்தக் கணக்கை நம் வாணலிக்குப் பொருத்தினால், 25 கிராம் சீஸுக்கு வேண்டியது 0.5 முதல் 0.75 கிராம் மாவுச்சத்து. 100 கிராம் பாஸ்தாவிலிருந்து 4 முதல் 8 கிராம்வரை தண்ணீரில் கரையும் என்று கொண்டால், நாம் ஊற்றிய 150 மில்லியில் குறைந்தது முக்கால் கிராமாவது இருக்கும். அதே பாஸ்தாவை 4 லிட்டர் தண்ணீரில் வேகவைத்திருந்தால் அரை கிராமே சந்தேகம். பெரிய பானையில் நிறையத் தண்ணீர் என்ற அறிவுரை இந்தச் சமையலுக்குப் பொருந்தாமல் போவது இங்கேதான். அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் பொறுத்து, ஆவி அடங்கியதும் சீஸை மூன்று தடவையாகத் தூவிக் கிளறுங்கள். பேசில் இலையும் எலுமிச்சைத் தோல் துருவலும் அதற்குப் பிறகு.

எண்ணெய் பிரிந்து மினுமினுத்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள்: எடுத்துவைத்ததிலிருந்து இரண்டு மேசைக்கரண்டி விட்டு மறுபடி வேகமாகக் கலக்கினால் சேர்ந்துகொள்ளும். நீர்த்திருந்தால், சீஸ் போடுவதற்கு முன் என்றால் தீயை ஏற்றி வற்றவைக்கலாம். போட்டபின் என்றால் அப்படியே ஒரு நிமிடம் விடுங்கள், ஆற ஆற மாவுச்சத்து கெட்டிப்படும். பரிமாறும்போது நினைப்பதைவிடக் கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும் என்பதும் அதனால்தான். சீஸ் கட்டியாகிவிட்டால் மட்டும் முழுமையான மீட்பு கிடையாது.

மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைத்தால் கூழான மாவுச்சத்து மீண்டும் அடுக்கடுக்காக இறுகி, பாஸ்தா விறைப்பாகும். அந்த இறுக்கம் சுமார் 60 டிகிரியில் பெரும்பாலும் தளர்ந்துவிடும். சூடாக்க மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடிபோட்டு, சிறு தீயில் 3 நிமிடம் வைத்தால் போதும். தீயைக் கூட்டினால் சீஸின் கொழுப்பு பிரிந்து வெளியே வந்துவிடும். சுக்கினி மட்டும் முதல் நாள் இருந்த பதத்துக்குத் திரும்பாது; ஆகவே மறுநாளுக்கும் சேர்த்துச் செய்வதாக இருந்தால் அதை அன்றன்றைக்கு வறுத்துச் சேர்ப்பதே சரி.