இன்னும் இரண்டு ஃபோர்வர்ட் எடுத்தால் செமி போகலாமா?

"வெளியில இருந்து ரெண்டு நல்ல ஃபோர்வர்ட்டை எடுத்தாச் சரி, செமி போயிடலாம்." ஹொக்கிச் சுற்றுப்போட்டி அறிவிப்பு வந்த மறுநாளே கழகக் கூட்டத்தில் இந்தப் பேச்சுத் தொடங்கிவிடும். கனடாவின் ஸ்காபரோவிலிருந்து காசு வரும். கொழும்பிலிருந்து இரண்டு பேர் போட்டிக்கு முதல்நாள் இரவு பஸ் ஏறுவார்கள். குழு நிலையிலேயே மூட்டை கட்டிய பிறகு, பயிற்றுநரில்தான் பிழை என்று முடிவாகும்.

ஃபோர்வர்ட், அதாவது முன்னுக்கு நின்று கோல் அடிக்கும் ஆள், எடுக்கவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எடுக்கமுதல் கணக்குப் பாருங்கள் என்கிறேன். வெளியே இருக்கும் மாற்று வீரர் ஒருவரிடம் கொப்பியும் பென்சிலும் கொடுங்கள். எதிரணியின் டிக்குள் (கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டம்) பந்தோடு எத்தனை தடவை போனோம், எத்தனை தடவை கோலுக்கு அடித்தோம், எத்தனை ஷோர்ட் கோர்னர் (பெனால்டி கோர்னர்) கிடைத்தது, எத்தனை கோல். மூன்று ஆட்டத்துக்கு இதை எழுதினால் போதும். டிக்குள் இருபது தடவை போயும் மூன்று தடவைதான் அடித்தோம் என்றால் ஃபோர்வர்ட் தேடுங்கள், நானும் சேர்ந்து தேடுகிறேன். ஆட்டம் முழுக்க ஐந்து தடவைதான் போனோம் என்றால் ஓட்டை நடுக்களத்தில். அந்த அணியில் இந்தியாவின் ஹொக்கி மேதை தியான் சந்த்தையே நிறுத்தினாலும் பந்து வராமல் வெயிலில்தான் நிற்பார்.

முன்னுக்கு ஆள் கூடினால் கோல் கூடும் என்ற நினைப்புத்தான் எனக்கு விளங்குவதே இல்லை. களத்தில் பதினொரு பேர்தான். முன்னுக்கு ஒருவர் கூடினால் நடுவிலோ பின்னுக்கோ ஒருவர் குறைகிறார். பந்தை முன்னுக்குக் கொண்டுவந்து கொடுத்தவரே அவராகவும் இருக்கலாம். அதைவிட, ஃபோர்வர்ட்தான் முதல் தடுப்பு வீரர். எதிரணி தன் கோல் பக்கத்திலிருந்து 'சிக்ஸ்டீன்' என்ற இலவச அடி எடுக்கும் நேரத்தைக் கவனியுங்கள். நம் மூன்று ஃபோர்வர்ட்டும் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு மற்றப் பக்கத்தை மூட வேண்டும், பந்து ஸ்டிக்கை விட்டுக் கிளம்பும்போது மூவரும் ஒன்றாக நகர வேண்டும். நேற்று வந்தவர் கோல் ஆசையில் தனியாகப் பாய்ந்தால் அவருக்குப் பின்னால் பத்து மீற்றர் வெளி. அந்த வெளிக்குள்ளால் ஒரு தள்ளு, நம் நடுக்களம் முழுதும் திரும்பி ஓடுகிறது. கோல் விழுந்ததும் திட்டு வாங்குவது பின்னுக்கு நிற்கும் ஃபுல்பாக்.

நிலத்தையும் பாருங்கள். கொழும்பில் செயற்கைத் தரையில் பழகியவர் ஸ்டிக்கை நிலத்தோடு படுக்கவைத்துப் பந்தை நிறுத்துவார். நம் காய்ந்த செம்மண்ணில் பந்து துள்ளி, படுத்த ஸ்டிக்குக்கு மேலால் போகும், இல்லையென்றால் காலில் படும், பிழை என்று விசில். ஸ்டிக்கை நிமிர்த்தி, கையைத் தளரவிட்டு நிறுத்தப் பழக ஒரு கிழமையாவது வேண்டும். ஒரு இரவுப் பஸ் பயணத்தில் அது வராது.

ஷோர்ட் கோர்னரில் இன்னும் மோசம். தள்ளுபவர், நிறுத்துபவர், அடிப்பவர் என்று மூன்று பேருடைய வேலை அது. கோல் கம்பத்திலிருந்து 10 மீற்றரில் தள்ளிய பந்து டிக்கு வெளியே போய் வந்த பிறகுதான் கோலுக்கு அடிக்கலாம். முதல் அடி ஓங்கி அடித்ததாக இருந்தால் 460 மில்லிமீற்றருக்கு மேலால் கோல் கோட்டைத் தாண்டக்கூடாது. கோலுக்குள் இருக்கும் பலகையின் உயரம் அது. பந்தை ஸ்டிக்கால் இழுத்துச் சுண்டும் ட்ராக் ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. புதியவரை அடிக்க விடுங்கள், ஆனால் தள்ளுபவரையும் நிறுத்துபவரையும் மாற்றாதீர்கள். நாளுக்கு ஐம்பது பந்து, அந்த மூவரும் சேர்ந்து. எங்கள் நிலத்தில் கோர்னர் வீணாவது பெரும்பாலும் நிறுத்தும் இடத்தில்தான்.

காசு அனுப்பும் அண்ணன்மாருக்கு உங்கள் ஊர்க் கதையையே சொல்கிறேன். உங்கள் பனிக்கட்டி ஹொக்கி அணி ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் 2018இல் ஜோன் டவாரெஸை 7 வருடத்துக்கு 77 மில்லியன் டொலருக்கு எடுத்தது. அருமையான ஃபோர்வர்ட். ஆனாலும் பிளே-ஓஃபில் ஒரு தொடர் வெல்ல 2023 ஆனது. சம்பியனுக்குக் கொடுக்கும் ஸ்டான்லி கிண்ணம் 1967க்குப் பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை. பனிக்கட்டி ஹொக்கியில் ஃபோர்வர்ட்மார் ஒரு நிமிடத்துக்குள் மாறி மாறி இறங்குவதால், எவ்வளவு கொடுத்து எடுத்தாலும் அவர் 60 நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் களத்தில் நிற்பார்.

அந்தக் காசில் கோல் காப்பாளருக்கு ஒரு செட் கால் பாட், பாதத்துக்குக் கிக்கர், ஹெல்மெட் வாங்கித் தாருங்கள். பஞ்சு வெளியே தள்ளிய பாட்டோடு 160 கிராம் பந்துக்கு முன்னால் பிள்ளையை நிறுத்துகிறோம். விலகல் ஆட்டம் சமநிலையில் முடிந்து ஷூட்-அவுட் வந்தால், 8 விநாடிக்கு அந்தப் பிள்ளைதான் தனியே நிற்கும்.

இவ்வளவுக்கும் பிறகு எடுப்பதென்றால் மூன்று கிழமைக்கு முன்னமே எடுங்கள். பத்துப் பயிற்சிக்காவது வரச் சொல்லுங்கள், வராதவரை ஆரம்பப் பதினொன்றில் போடாதீர்கள். வேறு கழகத்தில் பதிவு இருக்கிறதா என்று கடிதத்தோடு உறுதிப்படுத்துங்கள், எதிரணி ஆட்சேபம் கொடுத்தால் வென்ற புள்ளியும் போகும். அடிக்கடி கார்ட் வாங்குகிறவரா என்றும் விசாரியுங்கள். பச்சை அட்டைக்கு 2 நிமிடம், மஞ்சளுக்குக் குறைந்தது 5. அந்த நேரமெல்லாம் பத்துப் பேர்தான். அவருக்காகப் பட்டியலிலிருந்து பெயர் வெட்டப்படும் நம் ஊர்த் தம்பிக்கு, விளையாட்டன்று காலை மைதானத்தில் வைத்துச் சொல்லாமல், தயவுசெய்து முதல்நாளே வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.