இரண்டாவது குழந்தையைத் தேடி

பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் நோய் என்று ஒன்றை வைத்துக்கொள்வோம். நெதர்லாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு கோடியே எண்பது லட்சம். அப்படியானால் நாடு முழுக்கத் தேடினாலும் பதினெட்டுப் பேர்தான் தேறுவார்கள். நைமேகன் நகரத்து மருத்துவர் ஒருவர் தன் பணிக்காலம் முழுவதிலும் அந்த நோயோடு ஒரே ஒரு குழந்தையைத்தான் பார்த்திருப்பார்.

அந்தக் குழந்தையின் மரபணுத் தொகுதியைப் படித்துப் பார்க்கிறார். ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதுதான் நோய்க்குக் காரணமா? அடித்துச் சொல்ல முடியாது. நம் எல்லோரிடமும் இப்படி எழுத்து மாறிய இடங்கள் லட்சக்கணக்கில் உண்டு. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாமல் சும்மா கிடப்பவை. இதே அறிகுறிகளும் இதே மரபணுவில் கோளாறும் உள்ள இன்னொரு குழந்தை கிடைத்தால்தான் சந்தேகம் வலுப்படும். அந்த இரண்டாவது குழந்தை லிஸ்பனில் இருக்கலாம், பிராகில் இருக்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வரையறைப்படி, பத்தாயிரத்தில் ஐந்து பேருக்கு மேல் பாதிக்காதது அரிய நோய். அப்படி 6,000-க்கும் மேற்பட்ட நோய்கள் உண்டு. தனித்தனியாக அரிது, ஆனால் மொத்தமாகக் கூட்டினால் ஒன்றியத்தில் மட்டும் சுமார் 3 கோடிப் பேர். ஒவ்வோர் அரசும் தன் வரிப்பணத்தைத் தன் எல்லைக்குள் மட்டுமே செலவழித்துக்கொண்டிருந்தால் அந்த இரண்டாவது குழந்தை கண்ணில் படவே படாது. ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸின் பணத்துக்கு இங்கேதான் வேலை.

ஒன்றியம் 1984-லிருந்து சில ஆண்டுகளுக்கு ஒரு திட்டமாக ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கிவருகிறது. இப்போது நடப்பது ஒன்பதாவது. பெயர் ஹொரைசன் யூரோப். 2021 முதல் 2027 வரைக்கும் தொடக்கத்தில் அறிவித்த தொகை 9,550 கோடி யூரோ. அதில் உடல்நலத்துக்கென்று ஒதுக்கிய பகுதி சுமார் 820 கோடி.

கூட்டு ஆராய்ச்சிக்கான அடிப்படை விதி ஒரு வரிதான். குறைந்தது மூன்று நிறுவனங்கள், மூன்று வெவ்வேறு நாடுகளிலிருந்து, அவற்றில் ஒரு நாடாவது ஒன்றியத்தின் உறுப்பு நாடாக இருக்க வேண்டும். மற்ற இரண்டும் நார்வே, இஸ்ரேல் போலப் பணம் கட்டி இணைந்த நாடுகளாக இருந்தாலும் சரி. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு வெளியே நின்ற பிரிட்டன் 2024 ஜனவரியில் இந்த இணைந்த நாடு என்ற வாசல் வழியாகத்தான் திரும்ப உள்ளே வந்தது. மூன்று என்பது குறைந்தபட்சம்தான். மருத்துவத் திட்டங்களில் பத்து, இருபது நிறுவனங்கள் கைகோப்பது சர்வசாதாரணம்.

பணம் தானாக வந்துவிடாது. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் ஒரு தலைப்பை அறிவிக்கும். ஒருவர் ஒருங்கிணைப்பாளராக நின்று கூட்டாளிகளைச் சேர்ப்பார். திட்டத்தைக் குறிப்பிட்ட பக்க எண்ணிக்கைக்குள் அடக்கி, கடைசி நாளன்று பிரஸ்ஸல்ஸ் நேரம் மாலை 5 மணிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். ஐந்து மணி ஒரு நிமிடம் என்றால் கதவு மூடியாயிற்று. அப்புறம் குறைந்தது மூன்று வெளி நிபுணர்கள் படித்து மதிப்பெண் போடுவார்கள்: அறிவியல் தரத்துக்கு 5, விளையும் பயனுக்கு 5, நடத்திமுடிக்கும் திறனுக்கு 5. ஒவ்வொன்றிலும் 3, மொத்தத்தில் 10 வாங்கினால் தேர்ச்சி. ஆனால் தேர்ச்சி வேறு, பணம் வேறு. 13 வாங்கியும் வெறுங்கையோடு திரும்பியவர்கள் ஏராளம். முந்தைய திட்டமான ஹொரைசன் 2020-இல் விண்ணப்பங்களில் வென்றவை சுமார் 12 சதவீதம்தான். எழுதப்பட்டு வீணாய்ப்போன பக்கங்களின் உழைப்பு எந்தக் கணக்கிலும் வருவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

வென்றவர்களுக்குக் கிடைக்கும் பணத்தின் கணக்கு சுவாரசியமானது. பல்கலைக்கழகம் ஓர் ஆய்வாளரின் சம்பளத்துக்கு 100 யூரோ செலவழித்தால் ஒன்றியம் தருவது 125 யூரோ. நூறு நேரடிச் செலவு. மேலே உள்ள 25, மின்சாரம், கட்டடம், அலுவலக ஊழியர் என்று யாரும் தனித்தனியாகக் கணக்குக் காட்ட முடியாதவற்றுக்கு. ரசீது கேட்கமாட்டார்கள். ஆனால் அந்த நூறுக்குக் கேட்பார்கள், நன்றாகவே கேட்பார்கள். இந்த மாதம் எத்தனை நாள் இந்தத் திட்டத்துக்கு வேலை செய்தாய் என்று ஆய்வாளர் படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். சமீப ஆண்டுகளில் சில திட்டங்களுக்கு மொத்தத் தொகையாகவே பேசி முடித்துவிடுகிறார்கள்: வேலையை முடித்தாயா, இந்தா பணம்.

முன்பணம் ஒருங்கிணைப்பாளரின் கணக்கில் வந்து, அங்கிருந்து மற்றவர்களுக்குப் பிரியும். மானியத்தில் குறைந்தது 5 சதவீதத்தை முதலிலேயே பிடித்து ஒரு பொது நிதியில் போட்டுவைப்பார்கள். கூட்டாளி ஒருவர் திவாலாகி, வாங்கிய பணத்தைத் திருப்ப முடியாமல் போனால் இழப்பை அந்த நிதி தாங்கும். சீட்டுப் போட்டுப் பழகிய நமக்கு இதன் அருமை புரியும். ஒருவர் ஓடிப்போனால் மற்றவர்கள் தலையில் விழாமல் இருக்க வேண்டுமே.

இந்த ஏற்பாடெல்லாம் சேர்ந்து என்ன செய்ய முடிந்தது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் சால்வ்-ஆர்டி. விடை கிடைக்காத அரிய நோய்களுக்குக் காரணம் தேட 2018-இல் தொடங்கிய திட்டம்; ஒன்றியம் தந்தது சுமார் 1.5 கோடி யூரோ. ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகம் தலைமை. நைமேகனும் பிரிட்டனின் லெஸ்டரும் துணை. பிரிட்டன் நடுவில் ஒன்றியத்தைவிட்டுப் போனது. ஆனாலும் ஹொரைசன் 2020 திட்டங்களில் பிரிட்டன் நிறுவனங்கள் கடைசிவரை தொடரலாம் என்று பிரிவு ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்ததால் வேலை நிற்கவில்லை.

இதன் மையத்தில் இருந்த யோசனை மிக எளியது. எக்ஸோம் என்பது புரதம் தயாரிக்கும் குறிப்புகள் உள்ள பகுதி; மொத்த மரபணுத் தொகுதியில் ஒன்றிரண்டு சதவீதம். அதைப் படித்தும் விடை கிடைக்காதவர்களின் கோப்புகள் ஐரோப்பிய மருத்துவமனைகளில் குவிந்து கிடந்தன. 2014-இல் படித்தபோது விடை இல்லை, சரி. ஆனால் அதற்குப் பிறகு நோய்க்குக் காரணமான புதுப்புது மரபணுக்கள் ஆண்டுதோறும் கண்டுபிடிக்கப்பட்டபடியே இருந்தன. ஆகவே புதிதாக ரத்தம் எடுக்காமல், பழைய கோப்புகளையே ஒரே இடத்தில் கூட்டி, புதிய அறிவோடு மறுபடி பார்த்தால் என்ன?

கூட்டுவதுதான் கஷ்டம். ஒவ்வோர் ஆய்வகமும் வேறு வேறு கருவியில், வேறு வேறு மென்பொருளில் படித்திருந்தது. எல்லாக் கோப்புகளையும் பார்சிலோனாவில் உள்ள மரபணுப் பகுப்பாய்வு மையத்தில் ஒரே முறையில் மறுபடி பதப்படுத்தினார்கள். அடுத்த தடை மொழி. நம் ஊரிலேயே ஒருவர் வலிப்பு என்பார், ஒருவர் ஃபிட்ஸ் என்பார், ஒருவர் காக்காய் வலிப்பு என்பார். இத்தாலி, பிரான்ஸ், செக் மருத்துவர்கள் எழுதியதைக் கணினி எப்படி ஒப்பிடும்? அதற்கு ஏற்கெனவே ஒரு சொற்பட்டியல் இருந்தது. 2008-இல் பெர்லினில் பிறந்தது. ஒவ்வோர் அறிகுறிக்கும் ஓர் எண். வலிப்புக்கு எச்பி:0001250. யார் எந்த மொழியில் யோசித்தாலும் கோப்பில் ஏறுவது இந்த எண்தான். கணினி கண்டெடுத்ததை இறுதியில் மருத்துவர்கள் சரிபார்த்தார்கள். 2017-இல் ஒன்றியம் அரிய நோய் மருத்துவமனைகளை 24 வலையமைப்புகளாகக் கோத்துவைத்திருந்தது. அவற்றில் நான்கு இந்த வேலையில் முன்னே நின்றன.

முடிவு 2025 ஜனவரியில் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. 6,004 குடும்பங்களின் கோப்புகளை முறையாக மறுபடி பார்த்ததில் 506 குடும்பங்களுக்கு நோயின் காரணம் தெரிந்தது. நிபுணர்கள் தனியாக நோண்டிப் பார்த்ததில் இன்னும் 249. கேட்கச் சின்ன எண்ணாகத் தோன்றலாம். ஆனால் இவர்கள் எல்லோருமே ஒரு முறையாவது ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்ற பதிலோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள்.

குறையும் இல்லாமல் இல்லை. 2004-லும் அதற்குப் பிறகும் ஒன்றியத்தில் சேர்ந்த 13 நாடுகளுக்கு ஹொரைசன் 2020 பணத்தில் கிடைத்தது ஏறத்தாழ 5 சதவீதம். பழைய கூட்டாளிகளே மறுபடி மறுபடி சேர்ந்துகொள்கிறார்கள். தெரிந்தவரை அழைப்பது எங்கேயும் நடப்பதுதான். என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய சிக்கல் காலக்கெடு. திட்டம் ஐந்தாறு ஆண்டில் முடிந்துவிடும், சம்பளம் நிற்கும், ஆட்கள் கலைவார்கள். நோயாளியோ அங்கேயே இருப்பார்.

இதற்கு மாற்றாகத்தான் 2024 செப்டம்பரில் ஐரோப்பிய அரிய நோய் ஆராய்ச்சிக் கூட்டணி என்ற பெரிய ஏற்பாடு தொடங்கியது. ஒன்றியமும் நாடுகளும் சேர்ந்து பணம் போடுகின்றன. மதிப்பிட்ட செலவு 38 கோடி யூரோ, காலம் ஏழாண்டு. விடை கிடைக்காத 5,200-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் தரவு ஐரோப்பிய மரபணு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. புதிய மரபணு ஒன்றின் பெயர் வெளியானால் அந்தத் தரவை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்.